சூழல் கலையும் கல்லூரித் தோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலைக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சூழல் கலைப் பட்டறைகள் நடத்தி வருகிறேன். ஓவியத்தையும் தோட்டத்தையும் ஒரே பாடமாக வையுங்கள் என்று நான் சொன்னதும், மாணவர்கள், பெற்றோர், பேராசிரியர்கள், முதல்வர்கள் என்று நாலு தரப்பிலிருந்தும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

சூழல் கலைன்னா என்ன சார்? இயற்கைக் காட்சி வரையறதா?

மலையையும் ஆற்றையும் வரைவது நிலக்காட்சி ஓவியம். சூழல் கலையில் நிலத்திலேயே இறங்கி வேலை செய்கிறோம். மண், தண்ணீர், செடி, பூச்சி, பருவம் எல்லாமே அதற்கான பொருள்கள். வேலை முடிந்த பிறகு அந்த இடமும் மாறியிருக்கும், அங்கே வேலை செய்தவரின் பார்வையும் மாறியிருக்கும்.

1982-இல் ஆக்னஸ் டெனஸ் என்ற கலைஞர் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், வால் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், தோண்டிய மண்ணையும் இடிபாட்டையும் கொட்டி நிரப்பிய இடத்தில் 2 ஏக்கர் கோதுமை விதைத்தார். 285 சால்களைக் கையாலேயே கீறினார்கள். களை எடுத்தார்கள், நீர் பாய்ச்சினார்கள், ஆகஸ்டில் அறுத்தார்கள். 1,000 பவுண்டுக்கு மேல் கோதுமை கிடைத்தது. உலகின் மிக விலை உயர்ந்த மனைகளில் ஒன்றில் ஏன் தானியம் விளைவிக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாரையும் கேட்க வைத்தது அந்த வயல். ஓவியமாக வரைந்திருந்தால் அந்தக் கேள்வி இவ்வளவு கனமாக இருந்திருக்காது.

தோட்டக்கலை படிக்க வேளாண் கல்லூரி இருக்கே. ஓவியக் கல்லூரிக்கு எதுக்கு மண்வெட்டி?

வேளாண் கல்லூரி கேட்கும் கேள்விகள் வேறு. எந்த ரகம், எவ்வளவு மகசூல், என்ன நோய், என்ன செலவு என்று அங்கே கேட்பார்கள். அந்த அறிவு நமக்கும் வேண்டும், அதை அவர்களிடம்தான் கற்க வேண்டும். பக்கத்தில் வேளாண் துறையோ தாவரவியல் துறையோ இருந்தால் முதல் வாரமே போய்ப் பழகிக்கொள்ளுங்கள். ஆனால் நாம் அந்த நிலத்தில் கேட்பது வேறு: இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது, அது ஏன் போனது, இங்கே என்ன வாழலாம், அதை மற்றவர்கள் கண்ணில் படும்படி எப்படிச் செய்வது.

ஹெலன் மேயர் ஹாரிசன், நியூட்டன் ஹாரிசன் என்ற தம்பதியர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கலை கற்பித்தவர்கள். 1972-இல் ஃபுல்லர்ட்டன் பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்குள் மரப்பெட்டிகளில் 18 எலுமிச்சை, ஆரஞ்சு வகை மரங்களை வைத்து, மேலே விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். ஃபுல்லர்ட்டன் இருப்பது ஆரஞ்சு கவுண்டியில். பெயரிலேயே ஆரஞ்சு இருக்கும் அந்த வட்டாரத்தில் தோப்புகள் அழிந்து வீட்டுமனைகள் ஆகிக்கொண்டிருந்த காலம் அது. விளக்கொளியில் எத்தனை பழம் காய்க்கும் என்பது தோட்டக்கலைக் கேள்வி. மரத்தைக் கூரைக்கு அடியில் வைத்துக் காப்பாற்றும் நிலைக்கு ஏன் வந்தோம் என்பது கலைக் கேள்வி. அந்தக் கூடத்தில் இரண்டும் ஒன்றாகவே நின்றன.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்குதானே? நம்ம ஊர்ல எங்க இருக்கு?

பல்கலைக்கழகக் கல்விக்குள் கலையையும் நிலத்தையும் சேர்த்த பெரிய முயற்சி மேலே சொன்னவர்களுக்கெல்லாம் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வங்காளத்தில் நடந்தது. சாந்திநிகேதன் இருக்கும் பீர்பூம் மாவட்டம் வளமான வண்டல் பூமி இல்லை. மழை அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடக்கும் செம்புறை மண். அங்கே 1919-இல் கலாபவனம் என்ற கலைப்பள்ளி, 1921-இல் விஸ்வபாரதிப் பல்கலைக்கழகம், 1922-இல் பக்கத்துச் சுருல் கிராமத்தில் ஸ்ரீநிகேதன் என்று தாகூர் அடுத்தடுத்துத் தொடங்கினார். வேளாண்மையும் கிராமத் தொழில்களும் சார்ந்த ஸ்ரீநிகேதனைத் தொடங்கி நடத்த லெனர்ட் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் துணை நின்றார். அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர்.

1928-இல் தாகூர் அங்கே மரம் நடும் விழாவைத் தொடங்கினார். அலங்கரித்த பல்லக்கில் கன்றை வைத்து, பாட்டும் ஆட்டமுமாக ஊர்வலம் போய் நடுவார்கள். நிலம், நீர், நெருப்பு, காற்று, வான் என்று ஐம்பூதங்களாகப் பிள்ளைகள் வேடமிட்டு வருவார்கள். அதே ஆண்டு ஸ்ரீநிகேதனில் ஏர் பூட்டும் விழாவும் தொடங்கியது. கலாபவனத்தில் கற்பித்த ஓவியர் நந்தலால் போஸின் மாணவர்கள் இந்த விழாக்களுக்குக் கோலமும் அலங்காரமும் செய்து கற்றார்கள். சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் செய்த சாந்தால் பழங்குடிக் குடும்பத்தின் சிற்பத்தைப் பாருங்கள். சிமெண்டோடு அந்த மண்ணின் செம்புறைக் கற்களையே கலந்து, திறந்த வெளியில் நிறுத்தியிருக்கிறார். பட்டமளிப்பில் ஏழிலைப்பாலையின் இலைக்கொத்தைக் கையில் தருவது இன்றும் அங்கே மரபு. 2023-இல் சாந்திநிகேதன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வழியில் ஓர் இழை உண்டு. சாந்திநிகேதனில் படித்த ஜி. ராமச்சந்திரன் 1924-இல் காந்தியைச் சந்தித்து, கலைக்கு வாழ்க்கையில் என்ன இடம் என்று விடாமல் கேட்ட உரையாடல் பதிவாகியிருக்கிறது. அவரும் டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் 1947-இல் திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டியில் தொடங்கியதுதான் காந்திகிராமம். 1976-இல் அங்கிருந்த கிராமியக் கல்வி நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஆகவே யாரிடமும் கடன் வாங்காமலே நாம் இதைத் தொடங்கலாம்.

இவ்வளவு பீஸ் கட்டி என் பொண்ணைக் குழி வெட்டவா அனுப்பினேன்?

இதைக் கேட்பவர்களில் இரண்டு வகைப் பெற்றோர் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது.

மண்வேலை தாழ்ந்த வேலை என்ற எண்ணத்தில் கேட்பவர்கள் ஒரு வகை. அந்த எண்ணம் நம் சமூகத்தில் சாதியிலிருந்து வந்தது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1967-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் ஆலன் சாட்விக் என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் பாறையும் களிமண்ணுமான ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து மாணவர்களோடு தோண்ட ஆரம்பித்தார். அவர் முன்பு மேடை நடிகராக இருந்தவர். நேர்த்தி, ஒழுங்கு, காலத்தைக் கவனிப்பது இவற்றையெல்லாம் மாணவர்கள் மண்வெட்டி பிடித்துத்தான் அவரிடம் கற்றார்கள். அதிலிருந்து வளர்ந்த பண்ணையும் பயிற்சியும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெருமைகளில் ஒன்றாகிவிட்டன.

இன்னொரு வகைப் பெற்றோர் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள். “மண்ணுல இருந்து தப்பிக்கத்தான் புள்ளையைப் படிக்க அனுப்பினோம்” என்று அவர்கள் சொல்லும்போது நான் வாதாடுவதில்லை. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும் என்பதற்காகவே எல்லாக் குழியையும் அவர் தலையில் கட்டாதீர்கள். வடிவமைப்பிலும் ஆவணத்திலும் முடிவெடுப்பதிலும் அவருக்குச் சம இடம் வேண்டும். அவருடைய தாய்க்குத் தெரிந்த விதை நேர்த்தி வகுப்பில் பாடமாக வந்தால் அதை அறிவு என்றே குறித்து, யாரிடமிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். பட்டறைக்குப் பேச அழைத்தால் மற்ற வல்லுநர்களுக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள்.

கேம்பஸ்ல ஏற்கெனவே அழகா புல்வெளி இருக்கே. அது போதாதா?

புல்வெளியில் மாணவர் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. “புல்லின் மேல் நடக்காதீர்” என்ற பலகையே சாட்சி. ஒரே வகைப் புல்லை விடாமல் வெட்டி, நம் வெயிலில் அதற்குத் தினமும் தண்ணீர் காட்டி வைத்திருக்கிறோம். முழுவதையும் தோண்டச் சொல்லவில்லை. ஒரு மூலையை மட்டும் ஒரு பருவத்துக்கு வெட்டாமல், நீர் விடாமல் விட்டுவிட்டு, அங்கே தானாக என்ன முளைக்கிறது, எந்தப் பூச்சி வருகிறது என்று வாரம் ஒருமுறை வரையச் சொல்லுங்கள். குப்பைமேனி, கீழாநெல்லி, மூக்கிரட்டை எல்லாம் வந்து நிற்கும். முதல் பாடத்துக்கு இது தாராளமாகப் போதும்.

எங்க காலேஜ் நகரத்துக்கு நடுவுல. இடமே இல்லையே?

மொட்டை மாடி, சாக்கு, தொட்டி, சுவரோரம் என்று பல வழி இருக்கிறது. மாடியில் மட்டும் ஓர் எச்சரிக்கை: ஓர் அடி ஆழத்துக்கு ஈர மண் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ அரை டன் எடை வரும். கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் மேடை கட்டாதீர்கள். தென்னை நார்க்கழிவு கலந்த இலேசான கலவையைப் பைகளில் நிரப்பி, தூண்களும் விட்டங்களும் இருக்கும் பக்கமாக வைப்பதே நல்லது.

மண்ணைத் தோண்டினா செங்கல்லும் சிமெண்டும்தான் வருது. இதுல என்னத்த வளர்க்கிறது?

கல்லூரி நிலம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. கட்டடம் கட்டி மீந்ததையெல்லாம் அங்கேயே தள்ளி மூடியிருப்பார்கள். முதல் வேலையாக இடுப்பளவு குழி ஒன்று வெட்டி, அதன் ஒரு பக்கச் சுவரைச் சீவி, அடுக்கு அடுக்காக வரையுங்கள். மேலே வேர், அதன் கீழே செங்கல் தூள், அதற்கும் கீழே பழைய வயலின் கருமண் என்று அந்த இடத்தின் வரலாறே அந்தப் படத்தில் வந்துவிடும். ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் எடுத்து இடித்து, சலித்து, கருவேலம் பிசினில் குழைத்தால் அந்தப் படத்தை அந்த மண்ணாலேயே தீட்டலாம். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தொடக்கப் பயிற்சி இல்லை.

அப்புறம் மண்ணைத் தேற்ற வேண்டும். சிமெண்டுத் தூள் மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும். பழைய பெயின்ட் உதிர்ந்த இடத்தில் ஈயம் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதிக்கும் வரை அங்கே கீரையோ கிழங்கோ போட்டுத் தின்னாதீர்கள். சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் மெல்ல உயிர் பிடிக்கும்.

கெட்டுப்போன மண்ணையே கலையாக்கியவர் மெல் சின். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரக் குப்பைக் கிடங்கில், 1991-இல் ரூஃபஸ் சேனி என்ற மண் அறிவியலாளரோடு சேர்ந்து சதுர வேலிக்குள் வட்டமாக ஒரு பாத்தி போட்டார். துத்தநாகம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும் செடிகளை அதில் வளர்த்தார்கள். செடிகள் காட்மியத்தை எடுத்திருந்தது சோதனையில் தெரிந்தது. இந்தத் திட்டத்துக்கான அரசுக் கலை நிதியை, அதை வழங்கும் அமைப்பின் தலைவர் முதலில் மறுத்தார். சின் நேரில் போய் வாதாடிய பிறகுதான் நிதி கிடைத்தது. “இது கலையா?” என்று உங்கள் கல்விக் குழு கேட்டால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். உளியால் கல்லைச் செதுக்குவது போல, செடியைக் கொண்டு நஞ்சை மண்ணிலிருந்து செதுக்கி எடுக்கிறேன் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

செமஸ்டர் அஞ்சு மாசம்தான். மரம் வளர இருபது வருஷம் ஆகுமே?

இரண்டு கால அளவையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். ஆடிப்பட்டம் நம் முதல் பருவத் தொடக்கத்தோடு அழகாகப் பொருந்துகிறது. கீரை ஒரு மாதத்தில் வரும். வெண்டையும் கொத்தவரையும் இரண்டு மாதத்துக்குள் காய்க்கத் தொடங்கும். அவுரி மூன்று மாதத்தில் அறுப்புக்கு வரும். விதையிலிருந்து விதை வரை ஒரு சுற்றை ஒரே மாணவர் பார்க்க இது போதும்.

மரத்தைப் பொறுத்தவரை, முடிக்காமல் ஒப்படைக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாடமே. ஜோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 1982-இல் ஜெர்மனியின் காசல் நகரில் 7,000 மரங்கள் நடும் வேலையைத் தொடங்கினார். 7,000 கருங்கல் தூண்களை அருங்காட்சியகத்துக்கு முன்னால் குவித்து வைத்தார். ஒரு மரம் நட்டால் ஒரு கல்லை அதன் பக்கத்தில் ஊன்றலாம். எவ்வளவு வேலை பாக்கி என்பதைக் கற்குவியலே ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. 1986-இல் பாய்ஸ் இறந்துவிட்டார். கடைசி மரத்தை 1987-இல் அவர் மகன் நட்டார். ஊன்றிய நாளிலிருந்து அதே உயரத்தில் நிற்கும் கல்லையும் மாறிக்கொண்டே போகும் மரத்தையும் இன்றும் அங்கே சேர்த்தே பார்க்கலாம். கல்லூரியில் இதற்கு ஒரு தோட்டப் பதிவேடு வேண்டும். போகும் வகுப்பு எழுதி, வரும் வகுப்பு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

மே மாசம் லீவுல யார் தண்ணி ஊத்துவா?

பெரும்பாலான கல்லூரித் தோட்டங்கள் சாவது இந்த ஒரு காரணத்தால்தான். எனவே நடுவதற்கு முன்பே இதற்கு விடை காணுங்கள். ஆண்டுப் பயிர்கள் சித்திரைக்கு முன் முடிந்துவிட வேண்டும். பாத்தியைச் சருகால் கனமாக மூடிவிடுங்கள். கன்றுகளுக்குப் பக்கத்தில் மெருகு பூசாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடினால் ஈரம் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். சில நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். அதை நிரப்ப வருபவருக்குச் சம்பளம் உண்டு என்பதைத் திட்டச் செலவிலேயே எழுதிவிடுங்கள்.

மார்க் எப்படிப் போடுவீங்க? செடி செத்துட்டா பெயிலா?

செத்த செடிக்கும் மதிப்பெண் உண்டு, ஏன் செத்தது என்று மாணவர் தேடிப் போயிருந்தால். வேரைப் பிடுங்கிப் பார்த்தாரா, ஈரத்தைச் சோதித்தாரா, அடுத்த முறை என்ன மாற்றினார் என்பதையெல்லாம் குறிப்பேட்டில் பார்க்கலாம். வாரந்தோறும் வரைந்து எழுதும் குறிப்பேடு, நிலத்தில் எடுத்த முடிவுகளும் காரணங்களும், இறுதியில் பொதுவில் காட்டும் ஒரு படைப்பு ஆகிய மூன்றையும் வைத்து மதிப்பிடுங்கள். என் கருத்தில் குறிப்பேட்டுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். கடைசி வாரத்தில் நாற்றுப்பண்ணையில் செடி வாங்கி நட்டு அழகு காட்டுபவரை அது ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

கிரெடிட் கணக்கும் முக்கியம். செய்முறைக்கு வாரம் 2 மணி நேரம் என்றால் 1 கிரெடிட். இதை வகுப்பு நேரத்துக்குள் கொண்டுவந்து கிரெடிட் கொடுங்கள். சாயங்காலம் விருப்பமுள்ளவர் வரட்டும் என்று விட்டால் பஸ் பிடித்து வீடு திரும்ப வேண்டிய பிள்ளைகள், பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளைகள் வர முடியாது. விடுதி மாணவர்களின் பொழுதுபோக்காக அது சுருங்கிவிடும்.

சரி, தோட்டம் போட்டாச்சு. அதுல கலை எங்க? நடுவுல ஒரு சிலை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் வேறு எதுவும் தோன்றாவிட்டால் மட்டும். அந்த நிலத்திலிருந்தே வரும் வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. சாயத் தோட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி பயிரிட்டுச் சாயம் எடுக்கிறார்கள். இலையை ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அந்த நீரைக் காற்றுப் படும்படி அடித்தால் பச்சையாக இருந்தது கண்ணெதிரே நீலமாகத் திரும்பும். அவுரி பயறு வகைச் செடி என்பதால் அது வளர்ந்த மண்ணில் தழைச்சத்தும் சேரும். கிழக்குக் கடற்கரை மணலில் விளையும் சாயவேர், சோழமண்டலத் துணிகளின் பெயர் பெற்ற சிவப்புக்குக் காரணமானது. கடுக்காயும் படிகாரமும் சேர்த்துத் துணியில் சாயம் பிடிக்கவைக்கும் முறையைக் கற்கும்போது வேதியியலும் வணிக வரலாறும் தாமாகவே பாடத்துக்குள் வந்துவிடும்.

சீமைக் கருவேலத்தின் சுள்ளிகளை மூடிய டப்பாவில் சுட்டால் நல்ல ஓவியக் கரி கிடைக்கும். இலைச்சாற்றைத் தாளில் பூசி, மேலே ஓர் இலையை வைத்துச் சில நாள் வெயிலில் போட்டால் வெளிறாத பகுதி படமாக நிற்கும். பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குப் போங்கள். கூடலூர் பக்கத்தில் பெட்டக் குறும்பர், பணியர், காட்டு நாயக்கர் முதலிய பழங்குடிக் கலைஞர்கள் உண்ணிச்செடியின் தண்டுகளைக் கொண்டு ஆளுயரத்துக்கும் மேலான யானைகளைச் செய்கிறார்கள். காட்டை அடைத்துக்கொண்டிருக்கும் அந்நியச் செடியை வெட்டி எடுப்பதே அங்கே சிற்பத்துக்கு மூலப்பொருள் சேர்ப்பதாகவும் ஆகிவிடுகிறது. அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களிலும் 2024-இல் அமெரிக்காவிலும் நின்றன.

அப்போ கோலம், முளைப்பாரி எல்லாம் சூழல் கலையா? எங்க பாட்டிகூட சூழல் கலைஞரா?

பாட்டியிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் அவர் செய்வதற்கு நம் பாடத்திட்டத்தின் பெயரைச் சூட்டச் சொல்ல மாட்டேன். முளைப்பாரி ஓர் ஊரின் அம்மன் திருவிழாவுக்கு உரியது. அதற்கு விரதம் உண்டு, முறை உண்டு, யார் எடுப்பது என்ற உரிமை உண்டு. அதைத் தூக்கிக் கண்காட்சிக் கூடத்தில் வைத்து அடியில் மாணவர் பெயரை எழுதினால் அது திருட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கற்க வேண்டியது அதன் வழிமுறையை. சாணமும் வைக்கோலும் மண்ணும் அடுக்கி, பயறு வகைகளை விதைத்து, இருட்டில் வைத்து வளர்க்கும் பெண்களுக்கு விதையின் முளைப்புத்திறன் அத்துபடி. அதைக் கேட்டு எழுதி, அவர்கள் சம்மதத்தோடு வகுப்பில் பேசலாம். இன்னொரு நல்ல பயிற்சி: சங்கப் பாடல்களில் ஒவ்வொரு திணைக்கும் பூ, மரம், பறவை, விலங்கு, தொழில், யாழ் என்று கருப்பொருள்கள் உண்டு அல்லவா? அதே முறையில் உங்கள் வளாகத்தின் கருப்பொருள் பட்டியலைத் தயாரியுங்கள். தூங்குமூஞ்சி மரமும் மைனாவும் ஜெனரேட்டர் சத்தமும் அதில் வரட்டும். தமிழ்த் துறையையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்க மரம் நட்டாலும் நல்லதுதானே? இதுல என்ன தப்பு வரப்போகுது?

வரும். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை வெற்றிடம் என்று நினைத்து, வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டுத் தள்ளினார்கள். மழைநீரைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல விட்டுக்கொண்டிருந்த புல்வெளிகள் பெருமளவு அழிந்தன. இப்போது அந்த மரங்களை வெட்டி எடுத்துப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். ஏரி உள்வாய், உவர் நிலம், மேய்ச்சல் புல்வெளி ஆகிய இடங்களிலெல்லாம் “சும்மா கிடக்கிறது” என்று கன்றோடு இறங்காதீர்கள். ஒரு முழு ஆண்டு அந்த இடத்தைப் பார்த்து வரைவதையே படைப்பாக வைக்கலாம்.

தோட்டக்காரர் அண்ணன் இருக்காரே. அவர் பார்த்துக்க மாட்டாரா?

அவர் பார்த்துக்கொண்டால் அது அவர் தோட்டம். மாணவர் பெயரில் மதிப்பெண்ணும் அவர் முதுகில் வேலையும் என்று பிரிவது நான் அதிகம் பார்த்த கோளாறு. மாணவர் ஏற்ற பாத்தியில் அவர் கை வைக்க வேண்டியதில்லை என்று முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். அவர் சொல்லிக்கொடுக்க வந்தால் அந்த நேரத்துக்கு அவர் ஆசிரியர். அறிமுகத்திலும் ஊதியத்திலும் அது தெரிய வேண்டும். பல ஆண்டுகள் அதே மண்ணில் நின்றவருக்கு எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மரத்தில் எப்போது கம்பளிப்பூச்சி இறங்கும் என்பது தெரியும். பேட்டி எடுத்து, அவர் சொல்லும் வரைபடத்தை அவர் பெயரோடு வரைவதை இரண்டாம் பயிற்சியாக நான் வைக்கிறேன்.

இதப் படிச்சா வேலை கிடைக்குமா?

“சூழல் கலைஞர் தேவை” என்ற விளம்பரத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு நிலத்தைப் படித்துப் படமாக்கத் தெரிந்தவருக்கு நிலவடிவமைப்பு அலுவலகம், அருங்காட்சியகம், பள்ளி, இயற்கைச் சாயத் துணித்தொழில், காட்டுயிர் அமைப்புகளின் விளக்கப் படப் பணி என்று சில கதவுகள் திறக்கும். ஆனாலும் ஒரு கிரெடிட் பாடத்திடம் முழு வாழ்வாதாரத்தையும் கேட்பது நியாயமில்லை. வேறு எந்த விருப்பப் பாடத்திடமும் நாம் அப்படிக் கேட்பதில்லை.

எல்லாம் வளர்த்த பிறகு மேனேஜ்மென்ட் அங்க ஒரு பிளாக் கட்டப்போறோம்னு சொன்னா?

சொல்வார்கள். ஆக்னஸ் டெனஸின் கோதுமை வயல் இருந்த இடத்திலும் இன்று கட்டடங்கள்தான் நிற்கின்றன. அந்த வயல் ஒரு பருவத்துக்கு மட்டும் என்பது அவருக்குத் தொடக்கத்திலேயே தெரியும். உங்களுக்கும் அப்படித் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு இந்த இடம், எடுப்பதானால் எத்தனை மாதம் முன்னால் சொல்வார்கள் என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு முதல் பாத்தியைப் போடுங்கள். பதிவேட்டின் நகலும் விதைகளில் ஒரு பங்கும் ஒவ்வோர் ஆண்டும் வேறொரு கல்லூரிக்குப் போய்விடட்டும்.

மாற்று இடம் கேட்கும்போதே மேல்மண்ணையும் கேட்டுவிடுங்கள். தேற்றியெடுத்த மண் மேலே ஒரு சாண்தான் இருக்கும். அடித்தளம் தோண்டும் ஒப்பந்தக்காரர் அதை அடிமண்ணோடு கலந்து லாரியில் ஏற்றிவிட்டால் போனது போனதுதான். இயந்திரம் வருவதற்கு முன்பே அதைத் தனியாக வாரி, உயரமாகக் குவிக்காமல் இடுப்பளவுக்குப் பரப்பி, மேலே சணப்பை விதைத்து மூடி வையுங்கள். புதிய இடம் கிடைக்கச் சில மாதம் ஆனாலும் மண் கெடாமல் இருக்கும்.